டீர்ஃபீல்ட் காற்றாலைகள்: ஒரு தேசிய வனத்தின் இரண்டு முகடுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் தென்கோடியில், மாசசூசெட்ஸ் எல்லைக்கு அருகில், சியர்ஸ்பர்க், ரீட்ஸ்பரோ என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. முன்னதில் வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். பின்னதில் சில நூறு பேர். ஊரைச் சுற்றியுள்ள மலைக்காட்டின் பெரும்பகுதி, 1932இல் உருவாக்கப்பட்ட கிரீன் மவுண்டன் தேசிய வனத்தைச் சேர்ந்தது. தேசிய வனம் கூட்டரசு வனத்துறையின் மேற்பார்வையில் உள்ள பொதுச்சொத்து. அங்கே மரம் வெட்ட அனுமதி உண்டு, வேட்டைக்கு அனுமதி உண்டு, கோடையில் நடக்கவும் பனிக்காலத்தில் சறுக்கவும் யாருக்கும் உரிமை உண்டு. இத்தனை பயன்களையும் ஒரே நிலத்தில் பொருத்திக் காட்டுவது அத்துறையின் சட்டக் கடமை என்பதால், வன நிலத்தில் காற்றாலை அமைக்க விடுவதா என்ற, இந்த ஆய்வில் வரும் சிக்கல் அத்துறைக்குப் புதிதாக வந்து சேர்ந்தது என்று சொல்ல முடியாது. காற்றாலை என்ற வடிவம்தான் புதிது.

இந்தப் பள்ளத்தாக்கு மின்உற்பத்திக்கும் புதிதன்று. டீர்ஃபீல்ட் ஆற்றின் மீது 1920களில் கட்டப்பட்ட அணைகள் இன்றும் இயங்குகின்றன. சியர்ஸ்பர்க் அணையிலிருந்து மின்நிலையத்துக்கு நீரைக் கொண்டுபோகும் குழாய், மரப்பட்டிகளை இரும்பு வளையங்களால் இறுக்கிக் கட்டப்பட்டது. எட்டடி விட்டமுள்ள அந்தக் குழாய் மூன்று மைலுக்கு மேல் காட்டுக்குள் வளைந்து செல்கிறது. 1997இல், 8ஆம் எண் சாலைக்குக் கிழக்கே உள்ள முகட்டில், தனியார் நிலத்தில், மாநிலத்தின் மின்நிறுவனம் ஒன்று 11 காற்றாலைகளை நிறுவியது. அவற்றின் மொத்தத் திறன் ஏறக்குறைய 6 மெகாவாட். இறக்கை நுனிவரை அவற்றின் உயரம் 198 அடி. 200 அடியைத் தாண்டினால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கு பொருத்த வேண்டும் என்பதால், அந்த வரம்புக்குள் அடங்கும்படி அவை அமைந்தன. இரவில் அந்த முகடு இருட்டாகவே இருந்தது. ஊர் மக்கள் பெரும்பாலும் அவற்றோடு பழகிவிட்டார்கள்.

8ஆம் எண் சாலைக்கு மேற்கே உள்ள முகட்டில் அப்போது கட்டடம் எதுவும் இல்லை. அதற்கு அப்பால், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயற்கையின் போக்குக்கே விடப்பட்ட ஜார்ஜ் டி. ஏய்கன் தனிவனம் இருக்கிறது. ஐயாயிரம் ஏக்கரைச் சற்றே தாண்டும் அந்தப் பீடபூமியில் குளங்களும், நீர்நாய் போன்ற பீவர்கள் தேக்கிவைத்த சதுப்புப் புல்வெளிகளும் நிறைந்துள்ளன. குறியிட்ட பாதைகள் இல்லாததால், திசைகாட்டியும் வரைபடமும் கொண்டு தானே வழி கண்டு நடக்க விரும்புவோர் அங்கே வருவார்கள். 272 மைல் நீளமுள்ள லாங் டிரெயில் என்னும் நடைபயணப் பாதை இந்த முகடுகளின் மேல் செல்லவில்லை. அவற்றுக்கு மேற்கே சில மைல் தள்ளி, அப்பலாச்சியன் டிரெயிலோடு ஒன்றாக வடக்கு நோக்கிப் போகிறது. ஆனால் அந்தப் பாதையில் உள்ள கிளாஸ்டன்பரி மலையின் தீக்கண்காணிப்புக் கோபுரத்திலும், வடகிழக்கில் உள்ள ஹேஸ்டாக் மலையின் உச்சியிலும் நிற்பவர்களுக்கு இந்த முகடுகள் பார்வைப் பரப்புக்குள் வருகின்றன.

விண்ணப்பம்

2004இல் ஒரு காற்றாலை நிறுவனம், இரு முகடுகளிலும் தேசிய வன நிலத்தில் டீர்ஃபீல்ட் என்ற பெயரில் காற்றாலைகள் அமைக்கச் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி கேட்டு வனத்துறைக்கு விண்ணப்பித்தது. நாட்டின் தேசிய வன நிலம் எதிலும் அதுவரை வணிக நோக்கிலான காற்றாலைத் தொகுதி அமைக்கப்பட்டதில்லை. பரிசீலனையில் நிலைபெற்ற திட்டத்தின்படி, கிழக்கு முகட்டில் ஏற்கெனவே உள்ளவற்றின் தொடர்ச்சியாக 7, மேற்கு முகட்டில் 10, ஆக 17 காற்றாலைகள். ஒவ்வொன்றின் திறன் 2 மெகாவாட், உயரம் ஏறக்குறைய 400 அடி. பழைய காற்றாலைகளைப் போல் இருமடங்கு உயரம் என்பதோடு, 200 அடி வரம்பைத் தாண்டுவதால் சிவப்பு விளக்குகளும் வரும் என்பது இதிலேயே அடங்கியிருந்தது.

முகட்டையே ஏன் கேட்டார்கள் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது; வேகம் நொடிக்கு 6 மீட்டரிலிருந்து 7.5 மீட்டருக்கு உயர்ந்தால், ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகும். வெர்மான்டின் மலைத்தொடர் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. பனிக்காலத்துப் பலத்த காற்றோ மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்து அதன்மேல் ஏறக்குறையச் செங்குத்தாக மோதி, முகட்டைக் கடக்கும்போது வேகம் பெறுகிறது. பள்ளத்தாக்கில் அந்தக் காற்று கிடைக்காது. முகடுகளில் பெரும்பகுதி பொது நிலமாகவோ பாதுகாக்கப்பட்ட நிலமாகவோ இருக்கும் இடத்தில், காற்றைத் தேடிப் போகிறவர்கள் பொது வனத்தின் வாசலில் வந்து நிற்பது தவிர்க்க இயலாதது.

அரசின் கொள்கையும் அப்போது அந்தத் திசையில்தான் இருந்தது. 2005ஆம் ஆண்டின் ஆற்றல் கொள்கைச் சட்டம், பொது நிலங்களில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் உற்பத்தியை ஊக்குவித்தது. 2006இல் திருத்தப்பட்ட கிரீன் மவுண்டன் வன மேலாண்மைத் திட்டம், காட்டின் சில மேலாண்மைப் பகுதிகளில் காற்றாலைகளைப் பரிசீலிக்க இடம் தந்தது. விண்ணப்பம் கையில் இருந்த காலத்திலேயே அந்தத் திருத்தம் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த மனக்குறைகளில் பாதிக்கு இந்தக் காலவரிசையே காரணம் என்பது என் கணிப்பு.

கள ஆய்வில் தெரியவந்தவை

மேற்கு முகட்டில் ஆய்வாளர்கள் கண்டவற்றுள் மிகவும் கனமானவை பீச் மரங்கள். கருங்கரடிகள் இலையுதிர் காலத்தில் பீச் கொட்டைக்காக மரமேறுகின்றன. ஏறும்போது வழவழப்பான சாம்பல்நிறப் பட்டையில் நகங்கள் பதிந்த தடம், மரம் பருக்கப் பருக்க விரிந்து, கறுத்த தழும்பாகத் தடித்துவிடுகிறது. ஒரே மரத்தில் பல ஆண்டுத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பழைய தழும்பு விரல் பருமனுக்கு அகன்றும், சென்ற ஆண்டினது கத்தியால் கீறியதுபோல் மெலிந்தும் தெரியும். உச்சிக் கிளைகளை உள்நோக்கி முறித்து அமர்ந்து தின்ற இடங்களில், சருகுக் குவியல் பறவைக்கூடுபோல் தங்கிவிடும். இப்படிப்பட்ட மரங்கள் மேற்கு முகட்டில் அடர்த்தியாக இருந்தன.

இதன் முக்கியத்துவம் கரடியின் உடலியலில் இருக்கிறது. பெண் கரடி கோடையில் இணைசேர்ந்தாலும், கரு கருப்பையில் ஒட்டுவது இலையுதிர் காலத்தின் முடிவில்தான். அதற்குள் போதிய கொழுப்பு சேரவில்லை என்றால் கரு வளராமலே போய்விடும். வெர்மான்ட் அடங்கிய வட நியூ இங்கிலாந்தில் உயரமான காடுகளில் பீச் கொட்டைக்கு ஈடான இலையுதிர்கால உணவு குறைவு. போதாக்குறைக்கு, பல பத்தாண்டுகளாகப் பரவிவரும் பட்டைநோய், முதிர்ந்த பீச் மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. எனவே இன்னும் காய்க்கும் ஒரு தோப்பு, அதன் பரப்பைவிடப் பல மடங்கு பெரிய நிலத்தின் கரடிகளைத் தாங்குகிறது. மாநிலத்தின் இயற்கை வள அமைப்பு மேற்கு முகட்டைப் பற்றிக் கடுமையான கவலை தெரிவித்ததற்கு இதுவே அடிப்படை.

நடைபயணிகளின் தரப்பு இதோடு ஒப்பிடுகையில் மெலிந்திருந்தது. அவர்கள் சொன்னவை உண்மையானவை: தனிவனத்தில் ஒரு குளக்கரையில் நின்று பார்க்கும்போது தொடுவானத்தில் சுழலும் இறக்கைகள் தெரிந்தால் அந்த இடத்தின் தன்மையே மாறிவிடும், இரவில் சிவப்பு விளக்குகள் அணைந்து எரியும், மேற்காற்றில் ஓசை வரும் அல்லது வரக்கூடும், பனிக்காலத்தில் இறக்கையில் உறைந்த பனிக்கட்டி பெயர்ந்து எறியப்படும் என்பதால் அருகில் நடப்பது ஆபத்தாகும். ஆனால் எத்தனை பேர், எந்தப் பருவத்தில், எந்த வழியாக, எவ்வளவு நேரம் அந்த முகட்டையும் தனிவனத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு இல்லை. பாதையே இல்லாத இடத்தில் நுழைவாயில் பதிவேடும் இருக்காது. வந்துபோன தடமே தெரியாமல் திரும்புவதை ஒழுக்கமாகக் கொண்டவர்கள் மலையேறிகள். அந்த நல்லொழுக்கமே விசாரணையில் அவர்களைச் சான்றற்றவர்களாக்கியது. கரடியோ தன் வருகையை மரத்திலேயே எழுதிவைத்திருந்தது. இந்த வேறுபாடு முடிவின்மேல் எவ்வளவு செல்வாக்குச் செலுத்தியது என்பதைக் கீழே காணலாம்.

காட்சித் தாக்கத்தை மதிப்பிட, குறிப்பிட்ட இடங்களிலிருந்து எடுத்த ஒளிப்படங்களில் காற்றாலைகளை அளவுக்கேற்பப் பொருத்திய படங்கள் தயாரிக்கப்படுவது வழக்கம். இம்முறை பயனுள்ளதே, ஆனால் அசையாத படத்தில் அசைவு தெரியாது, இலை நிறைந்த கோடைப் படம் இலையுதிர்ந்த நவம்பரைக் காட்டாது. தனிவனத்தின் பெரும்பகுதியில் மரங்கள் பார்வையை மறைக்கின்றன என்ற கணிப்பு சரியானது. மறைக்கப்படாத சில இடங்கள் குளக்கரைகளும் புல்வெளிகளும்தான். அங்கே போகிறவர்கள் அந்த இடங்களுக்காகவே போகிறார்கள்.

மாநில வாரியத்தின் முடிவு, 2009

வெர்மான்டில் மின்நிலையம் கட்டுவதற்கு, அது பொது நிலத்தில் அமைந்தாலும், மாநிலப் பொதுச் சேவை வாரியத்தின் (2017 முதல் அதன் பெயர் பொதுப் பயன்பாட்டு ஆணையம்) பொதுநலச் சான்றிதழ் தேவை. சாலையோர விளம்பரப் பலகைகளை 1968லேயே தடைசெய்த மாநிலம் அது; நிலக்காட்சி அங்கே சட்டத்தால் எடைபோடப்படும் பொருள். அதற்கென ஒரு சோதனை இருக்கிறது. முதலில், திட்டம் சூழலோடு பொருந்தாமல் பாதகமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆம் எனில், அந்தப் பாதகம் மிதமிஞ்சியதா என்பது அடுத்த கேள்வி: சமூகம் தெளிவாக எழுதிவைத்த நெறி எதையாவது மீறுகிறதா, சராசரி மனிதரை அதிர்ச்சியுறச் செய்யுமா, பாதகத்தைக் குறைக்க எளிதாகச் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்களா?

மலைமுகட்டில் 400 அடிக் காற்றாலை பாதகமே என்பதை மறுப்பது எவருக்கும் கடினம். அது மிதமிஞ்சியது என நிறுவுவதோ எதிர்ப்போருக்குக் கடினம். இந்த முகடுகளில் கட்டக் கூடாது என்று ஊர்த் திட்டத்திலோ வனத் திட்டத்திலோ முன்னரே எழுதப்பட்ட வாசகம் இருந்திருந்தால் முதல் கேள்வியிலேயே வழக்கு வேறு திசையில் போயிருக்கும். அப்படி ஒரு வாசகம் இல்லை. பக்கத்து முகட்டில் 1997 முதல் காற்றாலைகள் நின்றதும் எதிர்வாதத்தை வலுவிழக்கச் செய்தது.

2009 ஏப்ரலில் வாரியம் நிபந்தனைகளோடு சான்றிதழ் வழங்கியது. கரடி வாழிடம்தான் அந்நிபந்தனைகளின் மையம்: மேற்கு முகட்டில் பீச் தோப்புகளிலிருந்து விலகும்படி திட்டத்தைச் சுருக்க வேண்டும், ஈடாக வேறு வாழிடத்தைப் பாதுகாக்க வேண்டும், கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும் கரடிகளின் நடமாட்டத்தை ஆய்வு செய்ய வேண்டும். இரு ஊர்களுக்கும் ஆண்டுதோறும் தொகை செலுத்தவும் நிறுவனம் உடன்பட்டிருந்தது. சில நூறு பேர் வரி கட்டும் ஊருக்கு அது சிறிய விஷயமில்லை. ஊர்க்காரர்களின் ஆதரவைப் பணத்துக்கு விலைபோனதாகச் சித்திரித்த வெளியூர்க் குரல்கள் நியாயமற்றவை என்றே கருதுகிறேன்.

வனத்துறையின் முடிவு, 2012

வனத்துறையின் வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை 2008இல் வெளியானது. கூடுதல் வரைவு ஒன்று 2010இன் இறுதியில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சூழலும் மாறியது: வெளவால்களின் மூக்கில் வெண்பூஞ்சை படரும் நோய் 2008இல் வெர்மான்டில் கண்டறியப்பட்டு, குகைகளில் குளிர்கால உறக்கம் கொள்ளும் இனங்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. காற்றாலை இறக்கைகளில் அடிபட்டு வெளவால்கள் சாவதால் வரும், முன்பு சிறியதாகத் தோன்றிய இழப்பு, எண்ணிக்கை சரிந்த இனத்துக்குப் பெரியதாகிவிடும் என்பதால், பழைய கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுக்க இயலாத நிலை உருவானது.

வனத்துறை எடைபோட்ட மாற்றுகளில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். விண்ணப்பித்தபடி 17, மேற்கில் இரண்டைக் குறைத்து 15, கிழக்கு முகட்டில் மட்டும் 7. மூன்றாவதைத் தேர்ந்திருந்தால் மேற்கு முகடு முழுமையாகத் தப்பியிருக்கும். கரடித் தோப்பும் தனிவனத்தின் கீழ்வானமும் காப்பாற்றப்பட்டிருக்கும். 14 மெகாவாட் கிடைத்திருக்கும். 2012 ஜனவரியில் வெளியான முடிவு 15 காற்றாலைகளையும் 30 மெகாவாட்டையும் தேர்ந்தது. ஏறக்குறைய 80 ஏக்கர் வன நிலம் இதற்குத் தேவைப்பட்டது.

காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவை. சாலை, துணைமின்நிலையம், மின்தடம் ஆகியவற்றின் செலவு காற்றாலைகளின் எண்ணிக்கை பாதியாகும்போது பாதியாவதில்லை. திட்டத்தின் நோக்கமே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைப் பெருக்குவது என அறிக்கையின் தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டதால், அதிகம் தரும் மாற்று அந்த நோக்கத்துக்கு நெருக்கமானதாகவே தோன்றும். தனிவனத்தைப் பொறுத்தவரை, உள்ளிருந்து காணவோ கேட்கவோ முடிகிறது என்பதால் மட்டும் எல்லைக்கு வெளியே ஒரு செயலைத் தடுக்க முடியாது என்பது அமெரிக்கத் தனிவனச் சட்டங்களில் வழக்கமாக இடம்பெறும் விதி. எல்லைக்கு அப்பால் காப்பு வளையம் கிடையாது.

இருந்தாலும், கிழக்கு மட்டும் என்ற மாற்றே சரியானது என்பது என் தீர்மானமான கருத்து. கிழக்கு முகடு ஏற்கெனவே மின்உற்பத்திக்கு ஒப்படைக்கப்பட்ட இடம். மேற்கு முகட்டால் கூடுதலாகக் கிடைத்தது 16 மெகாவாட். அதற்காகத் திறக்கப்பட்டதோ அதுவரை சாலை ஏறாத ஒரு மலைத்தொடர். தாக்க அறிக்கை இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையின் இரு கூறுகளாகப் பார்த்தது. தனித்தனியாக எடைபோட்டிருந்தால் மேற்கின் கணக்கு தேறியிருக்காது.

வழக்கும் கட்டுமானமும்

நிர்வாக மேல்முறையீடுகள் 2012லேயே தள்ளுபடி செய்யப்பட்டன. மாநிலச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றும் மற்றவர்களும் கூட்டரசு நீதிமன்றத்தை நாடினர். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு போதாது, தனிவனத்துக்கான பாதிப்பு சரிவர ஆராயப்படவில்லை என்பவை அவர்களது முக்கிய வாதங்கள். 2014இல் மாவட்ட நீதிமன்றம் வனத்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் ஆராய்வது, துறை கவனிக்க வேண்டியதைக் கவனித்து, காரணம் சொல்லி முடிவெடுத்ததா என்பதை மட்டுமே. அந்த முடிவு நல்ல முடிவா என்ற கேள்வி அதன் வரம்புக்குள் வருவதில்லை. எதிர்ப்பாளர்களில் பலர் இதை எதிர்பார்க்கவில்லை. மூன்று ஆண்டு உழைப்பும் நிதியும் செலவிட்ட இடத்தில் அவர்களுடைய உண்மையான கேள்வி கேட்கப்படவே இல்லை.

அதே 2014இன் இறுதியில், அந்த முகடுகளிலிருந்து வெகுதொலைவில்லாத வெர்னனில் இருந்த வெர்மான்ட் யாங்கி அணுமின்நிலையம் மூடப்பட்டது. அதன் திறன் 600 மெகாவாட்டுக்கு மேல். அந்த இழப்பை 30 மெகாவாட் ஈடுசெய்யாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் சிறிய பங்கும் வேண்டும் என்று வாதிடுவோரின் கை அதனால் வலுத்தது.

கட்டுமானம் 2016இல் தொடங்கியது. காற்றாலையை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒருசேரக் குறைத்து மதிப்பிட்டது சாலையைத்தான். இறக்கையையும் கோபுரத் துண்டுகளையும் ஏற்றிவரும் நீண்ட வண்டி திரும்புவதற்கு அகன்ற வளைவு வேண்டும். பெரும் பாரந்தூக்கி நிற்பதற்குச் சமதளம் வேண்டும். மெல்லிய மண்ணுக்கு அடியில் பாறை இருக்கும் முகட்டில் இவற்றை அமைக்க வெடிவைத்துப் பிளந்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் ஓரங்களை மண்ணிட்டுப் பசுமையாக்குகிறார்கள். ஆனால் முகட்டின் பழைய வடிவம் திரும்புவதில்லை, அங்கிருந்து இறங்கும் ஓடைகளின் தலைப்பகுதியில் நீர் வடியும் முறையும் மாறிவிடுகிறது. கோபுரத்தை இருபத்தைந்து ஆண்டுகளில் கழற்றி எடுத்துவிடலாம். வெட்டிய பாறையை மீண்டும் வைக்க இயலாது.

இயங்கத் தொடங்கிய பின்

2017 டிசம்பரில் 15 காற்றாலைகளும் இயங்கத் தொடங்கின. மின்சாரத்தை மாநிலத்தின் முதன்மை மின்நிறுவனம் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்கிறது. விண்ணப்பத்திலிருந்து மின்சாரம் வரை 13 ஆண்டுகள் ஆயின.

ஹேஸ்டாக் உச்சிக்குப் போகிறவர்கள் இப்போது அடிவாரக் குளத்தையும் தென்மேற்கில் காற்றாலை வரிசையையும் ஒரே பார்வையில் காண்கிறார்கள். அவர்களில் அதை விரும்புவோரும் உண்டு; குறிப்பாக இளையவர்கள் சிலருக்கு அது நம்பிக்கை தரும் காட்சி. தனிவனத்துக்குள் திசைகாட்டியோடு போகிறவர்களிடம் அப்படி ஒரு வரவேற்பு இருப்பதாகத் தெரியவில்லை, இருக்கவும் தேவையில்லை.

மாநில அளவிலான விளைவு பெரியது. 2011க்கும் 2012க்கும் இடையில் ஷெஃபீல்ட், லோவெல், ஜார்ஜியா மலை என அடுத்தடுத்து முகட்டுக் காற்றாலைகள் எழுந்த வெர்மான்ட், 2017இல் காற்றாலை ஓசைக்குப் பகலில் 42, இரவில் 39 டெசிபெல் என்ற கடுமையான வரம்பை விதித்தது. டீர்ஃபீல்டுக்குப் பிறகு அங்கே பெரிய காற்றாலைத் தொகுதி எதுவும் கட்டப்படவில்லை. ஒரு முகட்டை வென்றவர்கள் மற்ற முகடுகளுக்கான பொதுமக்களின் ஒப்புதலை இழந்தார்கள். காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படும் எவரும் இதை மகிழ்ச்சியோடு எழுத முடியாது.

மாற வேண்டியவை

முதன்மையானது காலவரிசை. எந்த முகட்டில் கட்டலாம், எதில் கூடாது என்ற கேள்வியை வன மேலாண்மைத் திட்டம் திருத்தப்படும்போதே, விண்ணப்பதாரர் எவரும் இல்லாத நிலையில், முகட்டின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். வகைப்பாட்டு வாசகங்களில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதப்படும் கூட்டத்துக்கு மலையேற்றக் குழுக்கள் வருவதில்லை. குறிப்பிட்ட மலையில் குறிப்பிட்ட நிறுவனம் வந்து நின்ற பிறகே வருகிறார்கள். அப்போது அவர்கள் கேட்கும் "இங்கே ஏன்?" என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது. வனத்துறை காற்றாலைகளுக்கென நாடு தழுவிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது 2011இல். இந்த விண்ணப்பம் வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.

அடுத்தது சான்று. பாதையில்லாத காட்டில் மனிதப் பயன்பாட்டை அளப்பது கடினம். முடியாத காரியம் ஆகாது. வண்டி நிறுத்துமிடங்களில் பருவந்தோறும் எண்ணிக்கை, குளக்கரைகளில் வருவோரை எண்ணும் தானியங்கிக் கருவி, பல ஆண்டுகள் வந்துபோகிறவர்களின் வழித்தடங்கள், இலையுதிர்ந்த காலத்தில் எடுத்த ஒளிப்படங்கள் ஆகியவற்றை உள்ளூர் மலையேற்றக் குழுவே தொகுக்கலாம். கரடிகளுக்காக மாநில உயிரியலாளர்கள் செய்த வேலையின் பத்தில் ஒரு பங்கை மனிதர்களுக்காக யாராவது செய்திருந்தால், நிபந்தனைப் பட்டியலில் நடைபயணிகளுக்கும் சில வரிகள் கிடைத்திருக்கும்.

மூன்றாவது, வெவ்வேறு வரலாறு கொண்ட முகடுகளை ஒரே விண்ணப்பத்தில் இணைக்க அனுமதிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் கூடுதல் மின்சாரத்தையும் கூடுதல் இழப்பையும் தனியே காட்டும் அட்டவணையைத் தாக்க அறிக்கை கட்டாயம் தர வேண்டும். சாலையையும் பாறை வெட்டையும் நிரந்தர இழப்பு என்ற தலைப்பிலும், கோபுரத்தையும் விளக்கையும் தற்காலிக இழப்பு என்ற தலைப்பிலும் பிரித்து எழுதினால் விவாதம் இன்னும் நேர்மையாக நடக்கும்.

காற்றாலைகளின் ஆயுள் பொதுவாக 20 முதல் 25 ஆண்டுகள் எனக் கணக்கிடப்படுகிறது. அதன்படி 2040ஐ ஒட்டி, இதே மேற்கு முகட்டில் கழற்றுவதா, இன்னும் உயரமானவற்றை நிறுவுவதா என்ற கேள்வி வனத்துறையின் மேசைக்கு மீண்டும் வரும். அப்போது புதிய தாக்க மதிப்பீடு கோருகிறவர்கள், கரடிகள் கட்டுமானத்துக்குப் பின் அந்தத் தோப்பை எந்த அளவுக்குப் பயன்படுத்தின என்ற ஆய்வுத் தரவோடு, ஏய்கன் தனிவனத்தில் நடந்தவர்களின் ஆண்டுவாரிப் பதிவையும் கோப்பில் வைக்க வேண்டும். அந்தப் பதிவைத் தொடங்க வேண்டிய காலம் இது.